செம்புக்குப் பூட்டிய பெல்ட்

பாரம் கட்டுவது என் தொழில். ஜெர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பண்டகசாலைக்கு இருபது வருடத்துக்கு மேலாக லொறி ஓட்டுகிறேன். கட்டாமல் விட்ட பெட்டி ஒன்று பிரேக் பிடிக்கும்போது எப்படிப் பறக்கும் என்று எங்களை வகுப்பில் இருத்திப் படம் போட்டுக் காட்டுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை நானே வாய் கிழியச் சொல்லிக்கொடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், அவருக்குத் தெரிந்திருக்காது என்று யாரும் எனக்காகச் சப்பைக்கட்டுக் கட்ட வேண்டாம். எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது மகளால். பதினைந்து வயதில் அழுது அடம்பிடித்து, கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இல்லத்திலிருந்து ஒரு மண்ணிறக் குட்டியைக் கொண்டு வந்தாள். அவள் அதற்கு ஒரு அழகான ஜெர்மன் பெயர் வைத்தாள். நான் 'டேய்' என்றுதான் கூப்பிடுவேன். இரண்டுக்கும் வருவான். நாய் வந்தபின் ஹோட்டல்களில் தங்குவது பெரிய தலையிடியாகிவிட்டது. பழைய வோன்வாகன் ஒன்றை வாங்கினோம். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகும் வீட்டு வண்டி. கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி எல்லாம் உள்ளே உண்டு. வேலையில் லொறி, விடுமுறையில் வோன்வாகன், இழுக்கிறதுக்கென்றே பிறந்த மனிசன் என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

நாயோடு போகும் பயணத்துக்குச் சட்டம் எழுதியவள் மகள். நாய் காரின் பின் இருக்கையில் இருக்க வேண்டும். அதன் மார்புப் பட்டியில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கி இருக்கையின் பெல்ட் பூட்டுக்குள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறக்கி நடத்த வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது. ஓடும்போது வோன்வாகனுக்குள் விடுவது பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் கோவில் தேருக்குப் புறப்பட்டோம். கோவில் இருக்கும் ஊர் எங்களிடமிருந்து வோன்வாகனோடு இரண்டரை மணி நேர ஓட்டம். அங்கே ஒரு முகாம் திடலில் இடம் பதிந்திருந்தோம். மனைவியின் அக்கா கொலோனில் இருக்கிறவர். பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்து, ஒரு வாரம் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்து விரதம் இருந்தார். மகளுக்கு அன்று பள்ளிக்கூடத்தின் கடைசி வாய்மொழிப் பரீட்சை. அதை முடித்துவிட்டு மறுநாள் ரயிலில் வருவதாக ஏற்பாடு. காலையில் பரீட்சைக்குப் போகுமுன் நாயைப் பின் இருக்கையில் ஏற்றி, கொக்கியைப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, பூட்டிட்டன், பாருங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டோணும். தண்ணிப் போத்தில் கதவுக்குள்ள இருக்கு."

"பதினெட்டு வருஷமா வாகனம் ஓடுறவனுக்குப் படிப்பிக்கிறியோ? நீ போய்ப் பரீட்சையைச் செய்."

நாயின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் போனாள்.

அக்கா முழுகி, நனைந்த கூந்தலை முடிந்துகொண்டு, துணியில் சுற்றிய பித்தளைச் செம்போடு கீழே வந்தார். கார்க் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நான் விரதமெல்லோ. கோவில் சாமானும் கையில இருக்கு. நாயோட ஒண்டா இருந்து வர ஏலாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் வீட்டில் தங்கும்போது நாய்க்குச் சோறு போடுவதும் அவர்தான். விரதத்தில் மட்டும் தள்ளி நிற்பார். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். காரின் பின்பெட்டி நிறைய மோதகமும் வடையும் அடுக்கிய சட்டிகள். மகளோ போய்விட்டாள். வீட்டில் நாயைப் பார்க்க ஆள் இல்லை.

"வோன்வாகனுக்குள்ள விடுவம்," என்றேன். "அவன்ர பாய் அங்க தானே கிடக்கு."

"ஓடேக்குள்ள அப்பிடி விடலாமோ?" என்று மனைவி கேட்டாள்.

"நான் மெதுவா ஓடுறன்."

கொக்கியை நான்தான் கழற்றினேன். நாய்க்கு ஒரே சந்தோஷம். வோன்வாகன் கதவு திறந்தால் அவனுக்கு விடுமுறை. வாலை ஆட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் ஏறினான்.

அக்கா காருக்குள் ஏறியபின் செம்பை எங்கே வைப்பது என்று கேட்டார். மடியில் வைத்திருந்தால் கை நோகும், அதையும் வோன்வாகனுக்குள் வைப்போமா என்றார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

"ஐயோ, வேண்டாம் அக்கா. அங்க உருண்டு அடிபட்டு நெளிஞ்சு போம்."

பின் இருக்கையில் நாய் இருந்த இடத்தில் செம்பை வைத்தேன். பெல்ட்டை இழுத்து அதற்குப் பூட்டினேன். பால் கோவிலில் தான் ஊற்றுவார்கள். அது வெறும் செம்பு.

ஆட்டோபான் நெடுஞ்சாலையில் முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. அக்கா மெல்லத் தேவாரம் பாடிக்கொண்டு வந்தார். ஒரு நீண்ட பாலத்தில் பக்கக் காற்று அடித்தது. அதே நேரம் பெரிய பேருந்து ஒன்று எங்களை முந்தியது. வோன்வாகன் பின்னால் ஆடத் தொடங்கியது. முதலில் சின்னதாக, பிறகு காரின் பின்பக்கத்தையே இடமும் வலமும் இழுக்கிற மாதிரி. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஒரு தடவை பிரேக்கை அழுத்தினேன். செய்ய வேண்டியது அதுதான். ஆட்டம் நின்றது. நல்லாச் சமாளித்தீர்கள் தம்பி என்று அக்கா சொன்னார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நாயின் நினைவு வந்தது அதற்குப் பிறகுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அடுத்த இளைப்பாறும் இடம் வர ஏழு, எட்டு நிமிடம் எடுத்தது. கதவைத் திறந்தேன். மேல் அலுமாரி திறந்து கோப்பையும் பீங்கானும் நிலமெல்லாம் சிதறிக் கிடந்தன. மடித்துச் சுவரோடு சாத்தியிருந்த மேசைப் பலகை, கொழுவியிலிருந்து கழன்று கீழே விழுந்திருந்தது. அதன் இரும்புக் காலுக்குக் கீழே அவனுடைய பின்னங்கால். குரைக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். என்னைக் கண்டதும் வால் நுனி இரண்டு தடவை நிலத்தில் தட்டியது.

மிருக வைத்தியசாலைக்குப் போகும் வழி முழுக்க அவன் தலை அக்காவின் மடியில் கிடந்தது. தூக்கிக் கொடுங்கோ தம்பி என்று அவரேதான் கை நீட்டினார். அவருடைய சேலையெல்லாம் இரத்தம். அந்த வருடம் அவர் செம்பு எடுக்கவில்லை.

காலைக் காப்பாற்ற முடியாது, எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். எப்படி நடந்தது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அவர் குரல் உயர்த்தவில்லை. சட்டத்தின் பார்வையில் நாய் ஒரு சுமை, சுமையைக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும், அது உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அவர் தந்த படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. லொறி ஓட்டுநர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அப்போதுதான் மகள் கைபேசியில் கூப்பிட்டாள். பரீட்சையில் நல்ல புள்ளி என்று கத்தினாள். என் குரலைக் கேட்டதும் நிறுத்தினாள். நான் சொன்னேன்: திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டி வந்தது, நாய் இருக்கையிலிருந்து விழுந்துவிட்டது, கால் முன் இருக்கைக்குக் கீழே மாட்டிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தானாக வந்தது.

"கொக்கி பூட்டி இருந்ததெல்லோ?" என்றாள்.

"கழண்டு போச்சு, பிள்ளை."

"நான் தானே பூட்டினது," என்றாள். "இழுத்துப் பாக்கேல்லை. பரீட்சைக்குப் பிந்துது எண்டு அவசரத்தில..." என்று அழத் தொடங்கினாள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "பரவாயில்லை பிள்ளை, பிழை எல்லாருக்கும் வாறது தான்." என் குற்றத்துக்கு நான் அவளை மன்னித்தேன்.

அன்று மாலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ தம்பி. என்னாலை தான் எண்டு தெரிஞ்சா என்னோட கதைக்க மாட்டாள்." மனைவி, பிறகு ஒரு நாள் ஆறுதலாகச் சொல்லுவோம் என்றாள். நான் தலையாட்டினேன். அக்காவுக்காகத்தான் மறைத்தேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். எனக்கு என் மகள் என்னைப் பார்க்கும் பார்வை வேண்டியிருந்தது. வேறொன்றுமில்லை.

அவன் மூன்று காலில் ஓடப் பழக மூன்று வாரமும் ஆகவில்லை. அவனுக்கு எங்கள் யார் மேலும் கோபமில்லை. மாறியது மகள்தான். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கி, திரும்பவும் ஏறிப் போய்ப் பார்ப்பாள். கார் ஓடப் பழகி அனுமதிப் பத்திரம் எடுத்தாள், ஓடவில்லை. "என்னில எனக்கு நம்பிக்கை இல்லை அப்பா," என்பாள் சிரித்துக்கொண்டு. எர்லாங்கனில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது நாயை அங்கே கொண்டுபோக அவளுக்கு வசதி இருந்தது. அறைத்தோழியும் சம்மதித்தாள். மகள்தான் வேண்டாம் என்றாள். உங்களோட இருந்தால்தான் அவனுக்குப் பாதுகாப்பு என்றாள்.

போன கோடையில் விடுமுறைக்கு வந்திருந்தாள். கீழ் வீட்டு ஜெர்மன் அம்மா ஓய்வு பெற்று, சின்ன வோன்வாகன் ஒன்று வாங்கியிருந்தார். அவரிடமும் ஒரு வயதான நாய் உண்டு. அதைப் பயணத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டு வந்தார். மகள் அவரை எங்கள் காருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"பூட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்க்க வேண்டும்," என்றாள் ஜெர்மனில். "நான் ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை. அதனால்தான் இவனுக்கு மூன்று கால்."

அந்த அம்மா அவள் தோளைத் தடவினார். பிறகு, தன் நாய்க்கு முதுகு வலி, ஓடும்போது வோன்வாகனுக்குள் கட்டிலில் படுக்க விடலாமா என்று கேட்டார்.

மகள் சிரித்துவிட்டாள். "வோன்வாகனுக்குள்ளா? யாராவது அப்படிச் செய்வார்களா? அப்பாவிடம் கேளுங்கள், இது அவர் தொழில்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கூடாது என்றேன். ஏன் என்று அந்த அம்மா கேட்டார். மேசை கழன்று விழலாம் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மகள் கார்க் கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை கை வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, அண்டைக்கு அவன் காருக்குள்ள இருக்கேல்லை."

"எண்டைக்கு?"

"கொக்கி கழரேல்லை. நீ வடிவாத்தான் பூட்டினனி. நான் தான் கழட்டி, அவனை வோன்வாகனுக்குள்ள விட்டனான்."

ஏன் என்று கேட்டாள். விரதத்தைச் சொன்னேன், செம்பைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவள் கார்க் கதவில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவும் காருக்குள்ள இருந்தவவோ?"

"ஓம்."

"பெரியம்மாவும்?"

"ஓம்."

"டொக்டருக்கும் தெரியுமோ?"

"அவருக்கு அண்டைக்கே சொன்னனாங்கள்."

"அப்ப எனக்கு மட்டும் தான் தெரியாது," என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. மேலே போய் அறைத்தோழியோடு நெடுநேரம் தொலைபேசியில் கதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாயையும் கூட்டிக்கொண்டு எர்லாங்கனுக்குப் புறப்பட்டாள். ரயிலில் மாறி மாறி ஏறி இறங்க வேண்டும், மூன்று காலோடு அவனுக்குச் சிரமம், காரில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் அப்பா," என்றாள். "உங்களோட அவனை விட ஏலாது."