மாடி வீட்டுக்குக் கொடுத்த தண்ணீர் கேன்

நீலசந்திராவில் குடியிருக்கும் நாங்கள், ஊருக்கு வெளியே குத்தகை நிலத்தில் கீரை போடுகிறோம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அந்த நிலத்துக் கிணற்றிலிருந்துதான் கேனில் பிடித்து வருவோம். மாடி வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் கன்னடப் பெண் மஞ்சுளாவுக்கும் ஒரு கேன் கொடுப்பேன்.

போன மழைக்காலத்தில், விதைப்புக்கு முன் என் கணவர் களைக்கொல்லி அடித்தார். அன்று மாலையே மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் வழக்கம்போல் மஞ்சுளாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கள் குடத்தில் ஊற்றும்போதுதான் உறைத்தது. அடித்த மருந்தெல்லாம் எங்கே போயிருக்கும்?

மாடிக்கு ஓடினேன். மஞ்சுளா கையில் பால் புட்டி.

"பாப்பா குடிச்சிடுச்சா?"

"இல்லக்கா, ஆற வெச்சிருக்கேன். யாக்கே, எதுக்குக் கேக்குறீங்க? தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுதான் பவுடர் கலக்கினேன்."

கொதிக்க வைத்தால் போகிற விஷமா அது! புட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தேன்.

எருவே காணாத மணல் மண், மருந்தைப் பிடித்து வைக்காமல் கீழே இறக்கிவிடும் என்றார் பிறகு நாங்கள் போய்க் கேட்ட வேளாண் அதிகாரி. இப்போது மக்கிய எருவைக் கொட்டிக் கிளறிய பிறகே விதைக்கிறோம். கிணற்றைச் சுற்றிக் கையால்தான் களை எடுக்கிறோம். குடிக்க அந்தத் தண்ணீரைக் கொண்டுவருவதே இல்லை.

ஆனாலும் மாடியில் அந்தக் குழந்தை வீறிட்டு அழுதால், என் கை வேலை அப்படியே நின்றுவிடுகிறது.