நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது கழுத்தின் நடுவே ஒரு கட்டி வந்தது. சுண்டைக்காய் அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது. நான் நாவல்பழக் கொட்டையை விழுங்கிவிட்டதாகவும், அதுதான் உள்ளே முளைக்கிறது என்றும் அண்ணன் சொன்னான். அவன் அறிவியலில் நல்ல மதிப்பெண் எடுப்பவன். அதனால் நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா ஒருநாள் லீவு போட்டார். மைசூரில் தசராவுக்காகத் தெருவெல்லாம் தடுப்பு கட்டியிருந்தார்கள். ஸ்கூட்டரில் என்னை நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாலிகெ சாச்சு புட்டி" என்றார். நாக்கை நீட்டினேன். கட்டி மேலே ஏறியது. உள்ளே இழுத்தேன், இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது. பெரியவர்கள் முன்னால் நாக்கை நீட்டி அதுவரை நான் அடிதான் வாங்கியிருக்கிறேன்.

பிறகு அவர் விளக்கினார். கருவில் வளரும்போது தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கி வருமாம். வந்த வழி தானாக மூடிக்கொள்ளுமாம். எனக்கு மூடவில்லை; அதில்தான் இந்தக் கட்டி வந்திருக்கிறது. அந்த வழியோடு, அது ஒட்டியிருக்கும் சின்ன எலும்பின் நடுத்துண்டையும் எடுத்தால்தான் கட்டி திரும்ப வராது. சிலருக்கு அந்தக் கட்டியே சுரப்பியாக இருந்துவிடும் என்பதால், முதலில் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

உள்ளே எதுவும் முளைக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. எலும்புதான் கவலை.

"எலும்ப எடுத்துட்டா தலை நிக்குமாப்பா?"

அப்பா சிரிக்காமல் அதைக் கன்னடத்தில் கேட்டார். "நில்லுத்தெ" என்று டாக்டரம்மாவும் சிரிக்காமல் உறுதி சொன்னார்.

ஸ்கேனில் சுரப்பி அதன் இடத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, பக்கத்தில் அம்மா.

"ஏதாச்சும் பேசு கண்ணு."

"பசிக்குது."

"இன்னொரு தடவ சொல்லு."

"பசிக்குதும்மா!"

அம்மா அழுதாள், உடனே சிரித்தாள். "அப்பாகிட்டயும் சொல்லு" என்று அவரைக் கூப்பிட்டாள். சொன்னேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை முறை சொல்லியும் ஒருவரும் இட்லி வாங்கிவரக் கிளம்பவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.