இரண்டாம் பாகத்தில் வெட்டுப்பட்ட இடம்

மண்ணெண்ணெய்ப் புகையும், வெயிலில் காயும் கருவாட்டின் வீச்சமும், சூடேறிய வீடியோ 'டெக்'கிலிருந்து கிளம்பும் மெல்லிய கருகல் மணமும் ஒன்றாகக் கலந்தால் அதுதான் எனக்குச் சினிமாவின் மணம். குளிரூட்டிய மண்டபத்தில் சோளப்பொரி கொறித்துக்கொண்டு படம் பார்த்து வளர்ந்தவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் சாகச நாயகர்களைப் பற்றி, அதிலும் அவர்களுடைய இரண்டாம் பாகங்களைப் பற்றி, அவர்கள் என்னிடம் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. அப்படியொரு இரண்டாம் பாகத்தின் மேல் எனக்குள்ள கோபம், தலை நரைத்தும் ஆறவில்லை.

மன்னார்த் தீவில் கீரிக் கரையில் எங்கள் வீடு. யுத்தகாலம் அது, மின்கம்பங்கள் நின்றன, மின்சாரம்தான் வரவில்லை. சவுதியில் வேலை செய்துவிட்டு வந்த அம்மாவின் தம்பி அன்ரன் மாமா, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் கொண்டுவந்திருந்தார். பஜாரில் கசெற் எடுத்துவந்து, ஜெனரேற்றரைக் கொஞ்சம் பெற்றோல் ஊற்றிக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஞாயிறு பிற்பகலில் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அவர் 'படம் போடுவார்'. இரவில் போடுவதில்லை, அந்த வெளிச்சமும் சத்தமும் யாரைக் கூட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது.

எங்களிடம் வந்து சேரும் கசெற்றுகள் தீவு முழுவதும் உருண்டு தேய்ந்தவை. டெக் நாடாவை இழுத்துத் தின்றுவிட்டால், மாமா கசங்கிய துண்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் செலோரேப்பால் ஒட்டுவார். அவருக்கு முன்பு பார்த்தவர்களும் அப்படித்தான் ஒட்டியிருப்பார்கள். ஆகையால் எங்கள் படங்களில் மாலை மாற்றிய பெண் அடுத்த கணம் பிள்ளைக்குச் சோறூட்டுவாள். இடையில் திரையில் புள்ளிமழை பெய்யும். 'வெட்டுப்பட்டிட்டுது' என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்லிவிட்டு, வெட்டுப்பட்டதை அவரவர் மனதில் நிரப்பிக்கொண்டு மேலே பார்ப்போம். குறைப்படம் பார்ப்பதில் எங்களை அடிக்க ஆளில்லை.

அந்த வெள்ளைக்கார நாயகனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சால்வைக்காரன்'. தோளில் நீலச் சால்வை பறக்க, கட்டிடத்துக்குக் கட்டிடம் பாய்வான். முதற் பாகத்தின் முடிவில், ஊரை அழிக்கவந்த வெடியைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடலில் விழுந்து தாழ்ந்துபோவான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். என்னைவிட எட்டு வயது மூத்த யூட் அண்ணன் தான் இடுப்பில் கட்டும் சாரத்தை என் கழுத்தில் சால்வையாகக் கட்டிவிட்டு, "உவன் சாகமாட்டான்ரா. ரெண்டாம் பாகம் எடுப்பாங்கள், பாரன்" என்றான். அவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவன் சொன்னால் எனக்கு வேதம்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் யூட் அண்ணன் விடியற்காலையில் தனியே வள்ளத்தில் தொழிலுக்குப் போனான். அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் தனியே. வெயில் ஏறும் நேரம் கடலில் வெடிச்சத்தம் கேட்டது. யார், யாரை, எதற்கு என்று சொல்ல அந்தப் பக்கத்திலிருந்து எவரும் வரவில்லை. பின்னேரம் வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. உள்ளே வலை நனையாமல் கிடந்தது. தொழிலாட்கள் நாட்கணக்கில் தேடினார்கள். உடம்பு வரவில்லை.

உடம்பு வராத வீடு ஒரு பொல்லாத வீடு. அழுவதா, சமைப்பதா என்றே தெரியாது. தேவாலயத்துப் பங்குச் சுவாமி வந்து, ஆத்தும இளைப்பாற்றிக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "நான் காணேல்லை சுவாமி. காணாமல் எப்பிடி?" என்றா. அதோடு அந்தப் பேச்சு நின்றது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இடையிலும் பேச்சு குறைந்தது.

அப்போதுதான் இரண்டாம் பாகம் பஜாருக்கு வந்தது. கடலில் தாழ்ந்தவன் இதில் வருகிறான் என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான். ஒரு ரசிகனின் பெருமையில் சொன்னேன், வேறொன்றையும் நினைக்கவில்லை. படம் என்றாலே 'பிசாசுப் பெட்டி' என்று திட்டுகிற அம்மா அந்த ஞாயிறு, நெற்றிவரை முக்காடிட்டு, பூசைக்குப் போனதுபோல முன்வரிசையில் வந்து இருந்தா. மாமா தன் கதிரையைக் கொடுத்தும் இருக்காமல், நிலத்தில்தான்.

படம் தொடங்கியது. ஒரு நகரம், ஒரு மொட்டைமாடி, அதில் சால்வைக்காரன் நிற்கிறான். உடுப்பு நனையவில்லை. தலை வாரியிருக்கிறது. அவனைக் கண்ட பெண் ஏதோ கேட்கிறாள். அவன் சிரித்து ஏதோ சொல்கிறான். உடனே கீழே ஒரு கார் வெடிக்கிறது, அவன் பாய்கிறான்.

"என்ன சொன்னவன்?" என்று அம்மா கேட்டா.

"திரும்பி வந்திட்டன் எண்டு சொல்லுறான் அக்கா" என்றார் மாமா.

"வந்தது தெரியுது. எப்பிடி வந்தவன்?"

மாமா பின்னுக்குச் சுற்றிப் போட்டார். மறுபடியும் மொட்டைமாடி, சிரிப்பு, கார். மூன்றாந்தரமும் போட்டுவிட்டு, "அந்த இடம் வெட்டுப்பட்டிருக்கு அக்கா. இது சரியான கொப்பி இல்லை" என்றார். மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கடலுக்குள் போனவன் கரையேறியதைக் காட்டாமல் ஒருவன் படம் எடுப்பான் என்று எங்கள் கரையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சனம் முழுக்க 'வெட்டுப்பட்டிட்டுது' என்றது. அப்பா மட்டும் வாசலில் நின்று, "கேக்கிறவன் கேணையன் எண்டால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அந்த அப்பாவைத்தான் அம்மா பஜாருக்கு அனுப்பினா, முழுக் கொப்பி எடுத்துவர. சோதனைச் சாவடியில் வெயிலில் நின்று, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு "மகன்ர படத்துக்கு" என்று சொல்லி, சிப்பாயின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் வேறொரு கசெற் கொடுத்தார். அதிலும் அதே மொட்டைமாடி. "கொழும்பிலதான் நல்ல கொப்பி இருக்கும்" என்று மாமா சொல்ல, கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டோம். பங்குச் சுவாமி மறுபடி வந்தபோது, "அந்த இடத்தைப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று அம்மா சொன்னதைக் கேட்டு அப்பா வெட்கத்தில் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். அம்மாவுக்குப் பைத்தியம் என்று சில பேர் சொன்னார்கள். பைத்தியமில்லை. ஒருவன் கடலிலிருந்து எப்படி வருவான் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் பார்த்துக் காத்திருக்கலாம் என்றாவது தெரியுமே என்பதுதான் அவவின் எண்ணம். அப்பா சாகும்வரை பூசை நடக்கவில்லை.

யுத்தம் முடிந்து, எல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்த பிறகு, அந்த இரண்டாம் பாகத்தைத் தேடியெடுத்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். துல்லியமான படம், ஒட்டில்லை, புள்ளிமழையில்லை. மொட்டைமாடி, சிரிப்பு, கார். ஒன்றுமே வெட்டுப்படவில்லை. எடுத்தவர்கள் எடுக்கவேயில்லை. அத்தனை காரை வெடிக்கவைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு மனுசன் தண்ணீருக்கு மேல் தலை தூக்குவதைக் காட்ட மனம் வரவில்லை. ரசிகன் என்ற முறையில் சொல்கிறேன்: கேடுகெட்ட படம்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பார்கள், ஆனால் அவ அதற்குள் கட்டிலோடு இருந்தா, கேட்டுக்கொண்டும் இருந்தா. "அப்ப அவங்களுக்கும் தெரியாது" என்றா. பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவ ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது பஜாரில் அந்தக் கசெற் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு 'ரீலோட்' போடுகிறார்கள். அன்ரன் மாமாவின் டெக்கைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். சால்வைக்காரனுக்கு எத்தனையாவதோ பாகம் வந்துவிட்டது; போன வருடமும் அவன் செத்தான், அருகிலிருந்த என் மகன் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்ததில வந்திடுவான் அப்பா" என்றான். பளாரென்று ஒன்று விடக் கை எழுந்தது. பிள்ளைக்கு என்ன தெரியும்.

அம்மா இறந்த வருடத்து நவம்பரில், இறந்தோருக்கான பூசைக்குச் சேமக்காலைக்குப் போனேன். எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுதிரி. வாசலில் நின்ற கோயில் மூப்பர் பூசையில் வாசிக்கப் பெயர் கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னேன், அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, யூட் அண்ணனையும் போடுங்கோ" என்றேன். சுவாமி ஒலிவாங்கியில் அவன் பெயரை மற்றப் பெயர்களோடு ஒரு மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். எங்கே, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. மெழுகுதிரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.