அண்ணன் வீட்டு மாடியில் எடுத்த போட்டோ

என் அக்காவுக்குக் கண் வரைகிற வேலை. மனிதர்களுக்கு இல்லை. துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புது உடுப்பு மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்கின்றனவே பொம்மைகள், அவற்றுக்கு. வார்ப்புப் பிரிவிலிருந்து மொட்டை முகமாக வருகிற தலைகளுக்கு இவள் புருவம் இழுத்து, கண் திறந்து, உதட்டுக்குச் சாயம் வைத்து அனுப்புவாள். ஒரு நாளைக்கு நாற்பது தலை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மற்றவர்கள் வரைந்ததில் ஒரு கண் மேலே ஒரு கண் கீழே என்று தலைகள் திரும்பி வரும். அக்கா வரைந்த தலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தொழிற்சாலையில் அவளுக்குப் பெயரே 'கண் டாக்டர்'தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். என்னோடும் என் வீட்டுக்காரரோடும் என் இரண்டு பிள்ளைகளோடும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள். பின்பக்கம் ஒரு பால்கனி. ஆள் நின்றால் கொடித்துணி முகத்தில் இடிக்கும். அங்கேதான் வாஷிங் மெஷின். அதன் மூடி மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகை மேல் அட்டையை வைத்து, அக்கா படம் வரைவாள். நான் துணி துவைக்காத நேரம்தான் அவளுக்கு வரைகிற நேரம். அதனால் அவள் படங்கள் எல்லாம் ஒரே அளவு, இரண்டடிக்கு இரண்டடி. அதற்கு மேல் போனால் பலகை சரிந்துவிடும்.

படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தூங்குவார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கனைப் பிடித்தபடி தூங்குகிற ஆள், தையல் மெஷின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்குகிற பெண், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற என் வீட்டுக்காரர். "ஏன்க்கா ஒருத்தர்கூட முழிச்சிருக்க மாட்டேங்குறாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நாள் பூரா கண்ணத் தொறந்து விட்டுட்டு வரேன்டி. வீட்டுக்கு வந்தாவது மூடி வைக்கிறேனே."

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தையல்காரப் பெண்ணைப் பார்த்தால் சத்தம் போடாமல் நடக்கத் தோன்றும். அது போதாதா?

போன வருடம் பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. ஒரு கலை மையம் பழைய ஆலை ஒன்றை வாங்கி ஸ்டூடியோக்களாக மாற்றியிருக்கிறதாம். ஓவியர்கள் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு பெரிய அறை, மூன்று மாதம் தங்க இடம், சாப்பாடு, வண்ணங்கள், எல்லாம் கொடுக்கிறார்களாம். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. அந்தப் பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தாள். பிறகு ஒருநாள் சோறு போடும்போது, "எனக்கு ஒரு பஸ் வரையணும்" என்றாள்.

"வரையேன். யார் வேணாம்னா?"

"ஆளுயரத்துக்கு வரையணும். காலையில ஆறு மணி பஸ். நாப்பது பேரும் தூங்குறாங்க. நாப்பது மூஞ்சியும் மனசுல இருக்கு. அந்த மெஷின் மேல எங்கடி வைக்கிறது?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் எதையாவது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். விண்ணப்பத்தை நானே டைப் அடித்துத் தருகிறேன் என்றேன். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மனு, பிரமாணப் பத்திரம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியாள் ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் எங்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பக்கத்து வீட்டு நாற்காலி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எதிர்வீட்டுக் கண்ணாடி டம்ளர்கள் வந்துவிடும். அழுக்கு மூட்டை கட்டிலுக்கு அடியில் போகும். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது எங்களுக்குப் பொய்யே இல்லை, அதுதான் மரியாதை. அப்படியே வளர்ந்துவிட்டோம்.

விண்ணப்பத்தில் நான்காவது கேள்வி, 'தற்போது நீங்கள் வேலை செய்யும் இடத்தின் புகைப்படம் ஒன்றை இணைக்கவும்.' அக்கா போனிலேயே எடுத்து வந்து காட்டினாள். பால்கனி, மெஷின், பலகை, ஊறுகாய் பாட்டிலில் பிரஷ்கள். மேலே கொடியில் என் வீட்டுக்காரரின் பனியன், முதுகில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டையோடு.

"அய்யய்யோ, இதையா அனுப்பப் போற? மானம் கப்பலேறிடும்!"

"பனியன எடுத்துட்டு வேற எடுக்கட்டுமா?"

"பனியன மட்டும் எடுத்தா போதுமா? மெஷின் தெரியுது, வாளி தெரியுது, உடைஞ்ச துடைப்பம் தெரியுது. படிச்சவங்க உக்காந்து பாப்பாங்கக்கா. இவளுக்கு எதுக்கு ஸ்டூடியோன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"இடம் இல்லாததாலதானேடி கேக்குறோம்?"

கேட்டாளே! அவள் சரியாகத்தான் கேட்டாள். நான்தான் காதில் வாங்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். புறநகரில் சொந்த வீடு. மாடியில் ஒரு பெரிய அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், பளபளவென்று தரை. விருந்தாளிகளுக்காகக் கட்டினார். கட்டிய நாளிலிருந்து ஒரு விருந்தாளியும் அங்கே படுத்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம மாடிய விட்டா வேற எது? ஞாயித்துக்கிழமை வாங்க, ஜம்முனு எடுத்துடலாம்" என்றார்.

போனோம். அக்காவிடம் படம் வைக்கிற முக்காலி ஸ்டாண்ட் கிடையாது. என் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து ட்ராயிங் மாஸ்டரிடம் இரவல் வாங்கிப் போனோம். அதில் தையல்காரப் பெண்ணை வைத்தால், அந்தப் பெரிய அறையில் அது தபால் தலை மாதிரி இருந்தது. அண்ணன் வராந்தாவிலிருந்து ஒரு செடித்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக வைத்தார். அண்ணி தரை முழுக்க நியூஸ்பேப்பர் விரித்தார். வண்ண டப்பா ஒன்றையும் இன்னும் திறக்கவே இல்லை. போட்டோவுக்காகப் பேப்பரை எடுத்துவிட்டு, க்ளிக் ஆன மறுநிமிடம் மறுபடியும் விரித்தார்.

"கைய தாடையில வைம்மா. யோசிக்கிற மாதிரி. ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார் அண்ணன்.

அக்கா வைத்தாள். எடுத்து முடித்து நாங்கள் எல்லாரும் டீ குடிக்கக் கீழே இறங்கினோம். அவள் மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால், நீளச் சுவரை ஒட்டி நின்று சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். "இருபத்தாறு சாண் இருக்குடி. பஸ்ஸு தாராளமா நிக்கும்" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது, என்ன வரையப் போகிறீர்கள் என்ற கேள்வி. அதற்கு அக்கா தன் கையாலேயே நாலு வரி எழுதியிருந்தாள். பஸ்ஸைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசியில், 'என்னிடம் சுவர் இல்லை' என்று முடித்திருந்தாள். மாடி போட்டோவை வைத்துக்கொண்டு சுவர் இல்லை என்றால் எப்படி? தவிர, பிச்சை கேட்கிற மாதிரி எனக்குப் பட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, 'வாய்ப்பளித்தால் மையத்தின் பெருமைக்குப் பாடுபடுவேன்' என்று டைப் அடித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அக்காவின் பழைய படங்களின் போட்டோக்களையும் அளவு, வருடத்தோடு சேர்த்து இணைத்தேன். கீழே, மேற்கண்ட தகவல்கள் அனைத்தும் உண்மை என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "போடுக்கா, ஊர்ல எல்லாரும் இப்படித்தான்" என்றேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. என் கையில்தான் வந்தது. படித்ததும் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷத்தில் இல்லை.

'தங்கள் படைப்புகளைக் குழு ஆர்வத்துடன் பார்வையிட்டது. எனினும், முறையான பணியிடம் இல்லாத கலைஞர்களுக்கே இத்திட்டத்தில் முன்னுரிமை. தங்களிடம் ஏற்கெனவே விசாலமான, நல்ல வெளிச்சமுள்ள ஸ்டூடியோ உள்ளது. மேலும், அத்தகைய இடம் இருந்தும் விண்ணப்பதாரர் பல ஆண்டுகளாகச் சிறிய அளவிலேயே நின்றுவிட்டது, பெரிய படைப்புக்கான அவரது ஆற்றல் குறித்து ஐயம் எழுப்புகிறது.'

அக்கா வேலை முடிந்து வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "நல்ல தமிழ்ல எழுதியிருக்காங்க" என்று மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திட்டியிருக்கலாம். 'பாவி, என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரலில் தேன் ஒழுகியது. போட்டோ விஷயத்தில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"அப்போ அது அவங்க இடம் இல்லைங்களா? உறுதிமொழியில கையெழுத்துப் போட்டிருக்காங்களே. தப்பான தகவல் கொடுத்திருந்தா இனிமே எங்ககிட்ட எதுக்குமே விண்ணப்பிக்க முடியாதுங்க. அப்படின்னே குறிச்சுக்கட்டுங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க!" எனக்கு நாக்கு குழறியது. "அவங்க இடம்தான். அவங்களோடதுதான். தப்பு என் பேர்ல. அடுத்த வருஷம் மறுபடியும் போடலாம்ல?"

ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அக்காவுக்கு நாற்பத்தஞ்சு முடிஞ்சிருச்சுங்களே. வயசு வரம்பு தாண்டியாச்சு. வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

வயதை அந்தத் தாளில் டைப் அடித்ததே நான்தான். பதற்றத்தில் மறந்து போனேன். இல்லாத அடுத்த வருடத்தைக் காப்பாற்றுவதற்காக, பொய்யை என் வாயாலேயே இரண்டாம் தடவை உறுதி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். நானெல்லாம் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனோம். அக்காதான் போகலாம் என்றாள். அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவனுங்களுக்கு ரசனையே இல்லம்மா" என்றார். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அந்த மாடி ரூம் சும்மாதானே இருக்கு. மூணு மாசம் மட்டும் நான் வந்து வரையட்டுமா? லீவு நாள்ல மட்டும். தரைக்கு நானே விரிப்பு வாங்கிப் போட்டுக்கறேன்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார். "அதுக்கென்னம்மா, உன் வீடு மாதிரிதான்" என்று ஆரம்பித்தார் அண்ணன். "ஆனா திடீர்னு விருந்தாளி யாராவது வந்துட்டா? பெயின்ட் வாடை வேற சீக்கிரம் போகாது. சுவருக்கு இப்பத்தான் கலர் அடிச்சோம். பாக்கலாம், பாக்கலாம்."

"பேப்பர்ல அது என் ஸ்டூடியோதாண்ணா" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'வராத விருந்தாளிக்கு ரூமைப் பூட்டி வைங்க, கூடப் பிறந்தவளுக்குத் தராதீங்க' என்று கேட்டே விட்டேன். பெரிய சண்டையாகிப் போய், பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனைத் திட்டியபடியே நடந்தேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அவள் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. முதலில் அலுப்பு என்று நினைத்தேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. தொழிற்சாலைக்குப் போகிறாள், நாற்பது தலை முடிக்கிறாள், வருகிறாள், என் சின்னவளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். ஒரு விடுமுறை நாளில் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்கு நான் துணியே துவைக்கல. போய் வரையேன்க்கா."

"வேணாம் விடுடி."

"அந்தப் பெரிய மனுசங்க சொன்னதுக்காகவா? அவங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டடி இடத்துல நீ பட்ட பாடு தெரியுமா? அந்தப் போட்டோவே பொய்யி. அதப் பாத்து எழுதினதும் பொய்யி!"

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"போட்டோதான்டி பொய்யி. படமெல்லாம் நான் வரைஞ்சதுதானே? அதையும் பாத்துட்டுத்தானே எழுதியிருக்காங்க."

"இடம் இல்லாததாலதானே..."

"அப்படித்தான் நானும் இருபது வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். இடம் மட்டும் இருந்தா, இடம் மட்டும் இருந்தான்னு." ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். "இடம் இருந்திருந்தாலும் சின்னதாவேதான் நின்னிருப்பேனோ என்னவோ. யாருக்குத் தெரியும்? இனிமே தெரிஞ்சுக்கவும் வழியில்ல."

அவளுக்கு ஓர் அறை கிடைக்காமல் போனதற்குத்தான் அத்தனை நாளும் நான் அழுதுகொண்டிருந்தேன். அவளிடம் இருந்த ஒரே ஒரு நம்பிக்கையையும் நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"கீரைய எடுத்துட்டுப் போய் அலசு. மண்ணு நிறைய இருக்கு" என்றாள்.

வாங்கிக்கொண்டு போனேன்.