ஈபிடிப்பானும் என் வலது கண்ணும்

ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் மந்தைவெளியில் எங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு வடக்கேயிருந்து சின்னப் பறவைகள் வரத் தொடங்கும். பாடம் நடத்தப் பள்ளிக்குக் கிளம்புமுன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன். அந்த ஆண்டு பார்வையின் வலது ஓரத்தில் அடிக்கடி ஏதோ பளிச்சென்று அசைந்தது. ஈபிடிப்பான் (பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் சிறு பறவை) என்று சட்டெனத் திரும்புவேன். அங்கே வெறும் இலைதான் இருக்கும்.

பிறகு கேமராவில் கண் வைத்து வானத்தைப் பார்த்தபோது கரும்புள்ளிகள் மிதந்தன. உள்ளே தூசி என்று முடிவு கட்டி, தி.நகரில் பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். சுத்தம் செய்து தந்த பிறகும் புள்ளிகள் போகவில்லை. அந்த மனிதரிடம் சண்டை போட்டு மறுபடியும் கொடுத்துவிட்டு வந்தேன். படங்களில் ஒரு புள்ளிகூட விழவில்லை என்று அவர் காட்டியது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது கண்ணில் கீழிருந்து கருப்புத் திரை ஒன்று ஏறியது. என் கணவர் சேகர் உடனே ஆட்டோ பிடித்தார்.

"மின்னல் மாதிரி ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் மருத்துவர்.

"தெரிஞ்சுது டாக்டர். குருவின்னு நினைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. விழித்திரை (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருந்து காட்சியைப் பதிவு செய்யும் மெல்லிய சவ்வு) கிழிந்து, பிரிந்துவிட்டது என்றார். நடுப்பகுதியும், அதாவது எழுத்தையும் முகத்தையும் கூர்மையாகக் காட்டும் இடமும், விலகியிருந்தது. "ஒட்ட வைச்சிடலாம். பழைய பார்வை முழுசா வரும்னு சொல்ல முடியாது." கேமராவில் நான் வைப்பது வலது கண்ணைத்தான். வேறெதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அந்தக் குமிழி மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்காக நாள் முழுக்க முகம் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அப்படியேதான். மரத்தடியில் அசையாமல் உட்காரத் தெரிந்தவள்தானே என்று தைரியமாக இருந்தேன். அரை நாளில் பைத்தியம் பிடித்துவிடும்போல ஆகிவிட்டது. கழுத்து கடுத்தது, கால் துடித்தது. மூக்கு நுனியில் வியர்வை சொட்டுவதைக்கூட எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சேகர் தட்டைக் கொண்டுவந்து வைத்தால் அவருடைய கால்விரல்கள் மட்டும் தெரியும். அவற்றிடம்தான் கத்தினேன். ஒருநாள் அந்தக் கால்விரல்கள் நகராமல் நின்றன. "நீ கத்து. ஆனா தலையத் தூக்காத," என்றார்.

பூங்காவில் நடக்க வரும் வரதன், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பார்க்க வந்தார்.

"இன்னா டீச்சர், அங்க உங்க குருவிங்கல்லாம் வந்துக்கினு கீது. நீங்க இன்னான்னா தரையப் பாத்துக்கினு கீறீங்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒன்று 'டிக் டிக்' என்று கூப்பிட்டது. தலையைத் தூக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். பருவம் என்னை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வாரங்கள் செல்லச் செல்லக் குமிழி சுருங்கியது. மேலேயிருந்து வெளிச்சம் வந்தது. குமிழி கண்ணுக்குள் தளும்பி, கடைசியில் கடுகளவாகி மறைந்தது. அதன் பிறகுதான் தெரிந்தது, கதவு நிலை நெளிகிறது என்று. இடது கண்ணை மூடினால் சேகருக்கு மூக்கு கோணல், கண்கள் இல்லை. "இவ்வளவு வந்ததே நல்லதுதான். மெதுவா இன்னும் கொஞ்சம் தெளியலாம். ஒரு வருஷம்கூட ஆகும்," என்றார் மருத்துவர். ஒரு வருஷமாம்! எனக்கு ஒரு வாரமே தாங்கவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் மின்னலோ புள்ளிகளோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காரணம் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

பங்குனியில் பூங்காவுக்குப் போனேன். வேப்பங்கிளையில் பழுப்பு ஈபிடிப்பான் ஒன்று உட்கார்ந்திருந்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண் அதற்கு. இன்னும் சில நாளில் வடக்கே போய்விடும். இடது கண்ணால் எடுக்கப் பழகியிருந்தேன். ஆனாலும் பதற்றத்தில் கேமரா வலது கண்ணுக்கே போனது. கிளை நெளிந்தது, அதன்மேல் பழுப்பாக ஒரு கறை. அது பூச்சிக்குப் பாய்ந்து திரும்பி வந்து உட்கார்ந்தது. வலது கண்ணாலேயே எடுத்தேன்.

பறவையின் கண் துல்லியமாக விழாத படத்தை அழித்துவிடுவது பறவைப் படம் எடுக்கும் எங்கள் வழக்கம். வீட்டில் பெரிய திரையில் போட்டோம். இலைகள் தெளிவாக இருந்தன. பறவை கலங்கியிருந்தது. சேகர் அருகில் வந்து குனிந்தார்.

"கண்ணே தெரியலையே. அழிச்சிடட்டுமா?"

"வேணாங்க. எனக்கு அது அப்படித்தான் தெரிஞ்சுது."

இத்தனை மாதம் கோபமாகவே இருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவர் என் பிடரியில் கை வைத்தார். குனிந்தே கிடந்ததில் அந்த இடம் இன்னும் லேசாக வலிக்கிறது. முன்பெல்லாம் பறவைகள் கிளம்பிவிட்டால் அடுத்த ஐப்பசி வரை கேமராவைப் பெட்டியில் வைத்துவிடுவேன். இப்போது அப்படி வைக்க மனம் வரவில்லை. காக்கையோ மைனாவோ, எது இருக்கிறதோ அதைப் பார்க்க நாளைக் காலையும் போகிறேன். முதலில் வலது கண்ணால்.