பளிங்குப் படியில் புளித்தண்ணீர்

பித்தளை மங்கிக் கிடந்தால் என் மதினிக்குத் தூக்கம் வராது. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்ததே ஒரு குடமும் இரண்டு செம்பும்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவற்றுக்குப் புளி போட்டுத் தேய்ப்பு நடக்கும். தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் கண் கூசும். அந்தப் புளியே அவள் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. அவள் புருஷன், என் அண்ணன், காய்ச்சலில் போன பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மதினி செம்பூரில் ஆபீஸ் துப்புரவு கண்ட்ராக்ட் எடுத்தாள். கண்ட்ராக்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவள், நான், எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர், கொஞ்சம் வாளிகள், துடைப்பங்கள். அவ்வளவுதான் கம்பெனி. கட்டடமும் ஒன்றே ஒன்று. அது கையில் இருக்கும் வரைதான் அவள் பம்பாயில் இருக்கலாம். அது போனால் ஊரிலிருந்து அவள் அண்ணன்மார் வந்து கூட்டிக்கொண்டு போவதாகப் பேசி வைத்திருந்தார்கள்.

"அங்க போனா அண்ணன் பொண்டாட்டி அடுப்படியிலேயே நான் கிழவியாயிருவேன்ட்டி. பிள்ளையளுக்கும் அதே கதிதான்" என்பாள். அவளிடம் போய் யாராவது ஊர்ப் பெருமை பேசினால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் கட்டடத்து வாசலில் கம்பெனிப் பெயர் பொறித்த பெரிய பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. அதன் கீழே வெள்ளைப் பளிங்குப் படிகள். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே, தகட்டைப் பளபளப்பாக்கி ஆபீஸ்காரர்களை அசத்திவிடுவது என்று மதினி முடிவு செய்தாள். வீட்டிலிருந்து புளியைக் கரைத்துக் கொண்டுபோய்த் தகடு முழுக்கப் பூசி, நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டு மாடியைத் துடைக்கப் போனாள். நாங்களும் கூடவே போனோம். திரும்பி வந்து தேய்த்தபோது தகடு தங்கமாக மின்னியது. படியைப் பார்த்தால் புளித்தண்ணீர் வழிந்த இடமெல்லாம் மெருகு செத்து, திட்டுத்திட்டாக வெளுத்துக் கிடந்தது. மதினி பதறிப்போய் எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்து தேய்த்தாள். திட்டு இன்னும் பெரிதானது.

மேனேஜர் மாட்டுங்காவிலிருந்து வரும் தமிழர், நல்ல மனுஷர். படியையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திங்கட்கிழமை டைரக்டர்லாம் வரா. அதுக்குள்ள இது சரியாகலேன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும். என் கையில இல்லேம்மா" என்றார்.

அந்தச் சமயத்தில் தாதர் கடைத்தெருவில் பினாயில் விற்பவர் ஒரு தகவல் சொன்னார். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அறையில் சனிக்கிழமை மத்தியானம் துப்புரவுத் தொழில் செய்கிறவர்களுக்கு இலவச வகுப்பு நடக்கிறதாம். நடத்துவது ஒரு பாலிஷ் பொடிக் கம்பெனி. பொடியை விற்கத்தான் வகுப்பு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் போகிறேன் என்றேன்.

"பெருக்குததுக்கும் ஒரு பள்ளிக்கூடமாட்டி?" என்றாள் மதினி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன வேணாலும் கேளு. நம்ம படி கெட்டுப்போனத மட்டும் சொல்லிராத. அந்த பாய் வருவாரு. காதுல விழுந்துச்சுன்னா மறுநாளே நம்ம மேனேசர் முன்னால போய் நிப்பாரு" என்றாள்.

பாய் எங்கள் ஜில்லாக்காரர். தாதர் பக்கம் இதே தொழிலைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துகொண்டிருந்தார். மதினிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் என்றில்லை, இந்தத் தொழிலில் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம். எங்கே துடைக்கிறோம், எதை வைத்துத் துடைக்கிறோம் என்று ஒருவர் மற்றவரிடம் மூச்சு விடமாட்டோம். பாய் எதிரே வந்தால் மதினி வாளியை முந்தானையால் மூடாத குறைதான்.

வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். ஒரு மராத்திக்காரர் இந்தியில் சொல்லிக் கொடுத்தார். பொடியைக் காட்டினார், அதைப் புகழ்ந்தார், மறுபடியும் புகழ்ந்தார். கடைசியில், "யாருக்காவது வேலையில் ஏதாவது சிக்கல் உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் பெரிய கைகாரர்கள் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் இருந்தாலும் கண்ட்ராக்ட் போகத்தான் போகிறது. எழுந்து நின்று, புளியிலிருந்து எலுமிச்சம்பழம் வரை ஒன்று விடாமல் ஓட்டை இந்தியில் கொட்டிவிட்டேன்.

மராத்திக்காரர் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த பளிங்குத் துண்டின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டார். சற்று நேரத்தில் அந்த இடம் மங்கிப்போனது.

"இது அழுக்கு இல்லை அம்மா. புளிப்பு பட்டால் கல்லே அரித்துப்போகும். கழுவினால் போகாது. கல்லை வைத்து இழைத்து, அப்புறம் மெருகேற்ற வேண்டும்" என்றார்.

அப்போதுதான் பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது. பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸில் பலகைத் தரை என்று தெரியாமல், நம் ஊர் வழக்கப்படி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாராம். பலகை உப்பிக்கொண்டு கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்த பெரிய அதிகாரி ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தாராம். அறையே குலுங்கிச் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் கெடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சில் நான் கற்றுக்கொண்டது அன்று பொடிக்காரர் சொன்னதைவிட அதிகம்.

வெளியே வந்ததும் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இழைக்கிற கல்லு எங்கிட்ட கிடக்கும்மா. காலையில கொண்டாரேன். உங்க மதினிகிட்ட முன்கூட்டியே சொல்லிரு, வெளக்குமாத்தத் தூக்கிராம."

மதினி தூக்கவில்லை. அவள் செய்தது அதைவிட மோசம். "கெடுத்தியேட்டி. கட்டடத்தையே அவரு கையில எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கியே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். பாய் நல்லவர் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மறுநாள் அவர் வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து இழைத்தார். மதினி இன்னொரு கல்லை எடுத்துக்கொண்டு மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கை போகிற விதத்தைக் கவனித்து அப்படியே செய்தாள். பிறகு பொடி போட்டுக் கம்பளித் துணியால் தேய்க்கத் தேய்க்க, படியில் மெருகு திரும்பியது.

மத்தியானம், லீவு நாளானாலும் படியைப் பார்க்கவென்றே மேனேஜர் வந்தார். குனிந்து பார்த்தார், கையால் தடவியும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. நேரே பாயிடம் திரும்பினார்.

"தொழில் தெரிஞ்ச ஆளா இருக்கேளே! இந்தக் கட்டடம் மொத்தத்தையும் நீங்களே எடுத்து நடத்தறேளா?"

மதினியின் கை நின்றுவிட்டது. பாய் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான் இன்னைக்குக் கூலிக்கு வந்தவன் சார். கண்ட்ராக்டர் அவியதான். எதுன்னாலும் அவியகிட்ட பேசுங்க" என்றார்.

மேனேஜர் மதினியிடம் திரும்பி, "சரிம்மா, நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதது எனக்குத் தெரிந்தது. பாய்க்கும் தெரிந்திருக்கும். அவர் கல்லைக் கழுவுவதிலேயே குறியாக இருந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "பின் ரோட்டுல புதுசா ஒரு ஆஸ்பத்திரி தொறக்காவ. தொடைக்க ஆளு தேடுதாவ. நான் கேக்கலாம்னு இருந்தேன். இப்ப நீங்க போய்க் கேளுங்க. ஆள் பத்தலைன்னா எங்களக் கூப்பிட்டுக்கிடுங்க."

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி அவள் அதுவரை என்னிடம்கூட வாய் திறந்ததில்லை.