குமிழ் நகர்ந்த பின்னேரம்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டுக்குப் போய்க் கிளோறியாவிடமே கேளுங்கள், சத்தியம் செய்து சொல்வாள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பகலில் தைரியமாக இருந்தவன்தான் நானும். இது பட்டப்பகலில் நடந்தது.

கிளோறியாவின் மகள் விக்ரோரியாவுக்கு நாலு வயது. போன மாரிக் குளிரில் சளி முற்றி நுரையீரலில் இறங்கி, பிள்ளை பிழைக்குமோ என்று ஆகிவிட்டது. பிழைத்தாள். ஆகஸ்ட் திருநாளுக்கு ஜேர்மனியில் கெவலார் மாதாவிடம் கொண்டுவாறன் என்று தாய் நேர்த்தி வைத்திருந்தாள். அதற்காகத்தான் கரவனை, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற அந்தச் சின்ன வீட்டை, ஏப்ரலிலேயே வெளியில் எடுத்தார்கள். மாரி முழுக்க அது யென்ஸ் என்ற டேனிஷ்காரரின் பண்ணைக் கொட்டிலில் கிடந்தது.

கொட்டில் வாசலிலேயே வேலை தொடங்கியது. கணவன் ஸ்ரான்லி, கரவன் ஆடாமல் இருக்க அதன் நாலு மூலைக் கால்களையும் இறக்கி இறுக்கினான். சமையல் தட்டில் ரசமட்டத்தை, கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக் குமிழ் ஓடி மட்டம் காட்டுகிற அந்தக் கட்டையை, வைத்துப் பார்த்தான். குமிழ் சரியாக நடுவில் நின்றது. பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுக் காஸ் சிலிண்டர் வாங்க ரவுணுக்குப் போய்விட்டான்.

உள்ளே ஒரே பூஞ்சண வாடை. கிளோறியா தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தலையை விட்டு எலிப்புழுக்கை கூட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பின்கட்டிலில், போர்வைக்குள், பொம்மையோடு.

டொக்... டொக்... டொக்.

மூன்று மணி பத்து. யென்ஸாக்கும் என்று நினைத்தாள். கதவு தட்டினால், யார் என்று பார்க்க முதலே நமக்கு வாய் முந்திக்கொள்ளுமே! அவளும் திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ."

கதவு திறக்கவில்லை. ஆனால் வண்டி அமிழ்ந்தது. பாரமான ஆள் படியில் கால் வைத்தால் அமிழுமே, அப்படி.

கிறீச்... தரை முனகியது.

கிறீச்... அவளைக் கடந்து பின்னுக்குப் போனது.

எழும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. குமிழ் மட்டும் நடுவில் இல்லை. முன்பக்கம் ஓடியிருந்தது. பிள்ளை இருந்த பின்பக்கம் வண்டி தாழ்ந்து கிடந்தது.

விக்ரோரியா வீட்டில் தமிழுக்கு வாயே திறக்கமாட்டாள், எல்லாம் டேனிஷ்தான். டேனிஷிலேயே சொன்னாள், தாத்தாவுக்குக் குளிருதாம் என்று.

அவளுக்குப் பக்கத்தில் மெத்தை குழிந்திருந்தது. போர்வையின் பாதி அந்தக் குழிக்கு மேலே...

கிளோறியா பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள். செபம் வாயில் வரவில்லை.

மெத்தை மெல்ல நிமிர்ந்தது.

கிறீச்... கிறீச்...

கதவடியில் நின்றது. வண்டி உயர்ந்தது. குமிழ் நடுவுக்கு வந்தது.

வந்தவரைப் போய்வரச் சொல்லி வழியனுப்பும் பழக்கம் பாருங்கள், அந்தப் பயத்திலும் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

"போட்டு வாங்கோ."

திரும்பி வந்த ஸ்ரான்லி, கால் இறக்கின வண்டி எப்படிச் சரியும் என்று கேட்டுச் சிரித்தான். குனிந்து கால்களை அசைத்துப் பார்த்தான். நாலும் இறுகியே இருந்தன. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

போகும்போது யென்ஸிடம் கேட்டார்கள். அவர் கொட்டில் வாசலைக் காட்டினார். போன வருடம் அதே இடத்தில் ஒரு கிழவர் தன் கரவனைத் துப்புரவாக்க வந்தாராம். தனி ஆள். குளிருக்குப் பழைய காஸ் ஹீற்றரைக் கொழுத்திவிட்டுப் பின்கட்டிலில் இருந்தவர், பிறகு எழும்பவே இல்லை.

அது போகட்டும். அடுத்து யென்ஸ் சொன்னதுதான் கிளோறியாவின் நித்திரையைக் கெடுத்தது. கிழவர் ஒவ்வொரு வருடமும் அங்கே நிற்கிற கரவன்களின் கதவுகளைத் தட்டித் திரிவாராம், கதைக்க ஆள் தேடி. ஒருத்தரும் ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லையாம்.

நேர்த்தியை விடமுடியுமா? பங்குச் சுவாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளித்து, ஆகஸ்டில் அதே கரவனில்தான் போனார்கள். கெவலாரில் முதல் மத்தியானம். நல்ல வெயில். சுற்றிவரத் திருநாளுக்கு வந்த நம் சனம். குமிழ் நடுவில். புருசனும் பெண்சாதியும் மேசையில் சோற்றுக்கு முன்னால் இருந்தார்கள்.

டொக்... டொக்... டொக்.

ஸ்ரான்லி ஜன்னலால் எட்டிப் பார்த்தான். படியில் ஒருவரும் இல்லை. கிளோறியா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்கட்டிலில் இருந்து விக்ரோரியா பதில் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் தானாகப் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ."